ஓர் அவுன்ஸ் அபினி: போதையைப் பிணியாகப் பார்த்த பினாங்கு மருத்துவர் வூ லியென் தே

கோவிட்-19 காலத்தில் முகக்கவசம் இல்லாமல் பக்கத்து மளிகைக் கடைக்குக்கூடப் போக முடியவில்லை. அந்தக் கவசத்தைக் கொள்ளைநோய்க்கு எதிராகப் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டிய முன்னோடி, நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே என்பது அந்நாட்களில்தான் பலருக்குத் தெரிய வந்தது. 2021 மார்ச் 10ஆம் நாள், அவரது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் அவர் படத்தை வரைந்து சிறப்புச் செய்தது.

ஆனால் கொள்ளைநோயோடு மோதுவதற்கு முன்பே அவர் இந்த மண்ணில் இன்னொரு நோயோடு மோதியிருந்தார். அந்த நோய் அபினி. அந்தப் போராட்டத்தில் அவருக்குக் கிடைத்தது பாராட்டு அன்று, நீதிமன்றத் தண்டனை. போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதா, நோயாளியாகப் பார்ப்பதா என்ற கேள்வி நம் குடும்பங்களில் இன்றும் ஓயாத நிலையில், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் வூ. தந்தையார் தென்சீனாவின் தைஷான் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஜார்ஜ்டவுனில் பொன்வேலை செய்தவர். பதினொரு பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்த வூ, 1896இல் ராணி உபகாரச் சம்பளத்தை வென்றார். நீரிணைக் குடியேற்றப் பகுதிகள் என்று அழைக்கப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் படித்த மாணவர்கள் போட்டியிட்ட பெரும் பரிசு அது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியிலும் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையிலும் அவர் மருத்துவம் பயின்றார். பின்னர் லிவர்பூல், பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கூடம், ஜெர்மனியின் ஹால நகரம் எனப் பல இடங்களில் கிருமியியல் ஆய்வு செய்தார். 1903இல் அவர் நாடு திரும்பியபோது இந்த வட்டாரத்தில் அவ்வளவு படித்த மருத்துவர்கள் மிகச் சிலரே.

இருந்தும் அரசாங்க மருத்துவச் சேவையில் அவருக்குரிய பதவி கிடைக்கவில்லை. உயர் மருத்துவப் பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டுமே என்ற விதி காலனித்துவ ஆட்சியில் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டுக் காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டு, பினாங்கு சூலியா வீதியில் சொந்தமாகச் சிகிச்சையகம் தொடங்கினார். தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு அது.

கள்ளுக்கடையும் அபினிக்கடையும்

அந்தத் தெருவில் அவரிடம் வந்த நோயாளிகள் பலரின் பிணிக்குப் பின்னால் அபினி இருந்தது. அது ஒளிந்து மறைந்து விற்கப்பட்ட பொருள் அன்று. வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்த அபினி, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. இங்கே அதைக் காய்ச்சிப் புகைக்கும் பதமாக்கினார்கள். அதுதான் சண்டு. சண்டு காய்ச்சி விற்கும் உரிமையை ஆங்கிலேய அரசாங்கம் ஏலம் விட்டது. அதிகத் தொகை தருவதாகச் சொன்ன வணிகர் கூட்டுக்குச் சில ஆண்டுகளுக்குக் குத்தகை கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் வருமானத்தில் சுமார் பாதி இந்த அபினிக் குத்தகையிலிருந்தே வந்தது. சாலையும் துறைமுகமும் அலுவலகமும் அந்தப் பணத்தில் எழுந்தன. புகைப்பவன் பழக்கத்தை விட்டால் அரசாங்கக் கருவூலத்தில் ஓட்டை விழும் என்ற நிலை.

தோட்டப்புறத் தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. பால்மரக் காட்டில் வியர்வை சிந்தியவனுக்கு மாலையில் கள்ளுக்கடை திறந்திருந்தது. அதுவும் உரிமம் பெற்ற கடைதான். சம்பளம் கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியாக அது இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் கள்ளின் இடத்தில் அபினி இருந்தது. சுரங்க முதலாளிகள் பலர் கூலிகளுக்கு அபினியைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டனர். கடன் தீராது, ஆள் ஓடவும் மாட்டான்.

ஏன் விட முடியவில்லை?

கூலிகள் அபினியைத் தொட்டது உல்லாசத்துக்காக மட்டும் அன்று. அபினியில் உள்ள மார்ஃபின் வலியை மறக்கச் செய்யும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், உறக்கம் தரும். நாள் முழுதும் இடுப்பளவுத் தண்ணீரில் மண் வாரிய சுரங்கத் தொழிலாளிக்கும், வெயிலில் ரிக்‌ஷா இழுத்தவனுக்கும், மருத்துவமனை எட்டாத இடத்தில் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் அதுவே மருந்தாக இருந்தது. மனைவி மக்களைச் சீனாவில் விட்டுவிட்டுத் தனியே வந்தவனுக்கு அதுவே துணையாகவும் இருந்தது.

நாளடைவில் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. நேற்றுப் போதுமானதாக இருந்த அளவு இன்று போதாது. நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுக்கு, உடல் சிலிர்ப்பு, எலும்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என வரிசையாகத் தாக்கும். அந்த வேதனையைத் தணிக்க மீண்டும் அதையே தேட வேண்டும். காசில்லாத ஏழைகள், ஒருமுறை புகைத்தபின் குழாயில் தங்கும் கசடைச் சுரண்டி வாங்கிப் புகைத்தனர். இதில் மன உறுதியின் பங்கு சிறிது. உடலில் நிகழும் மாற்றத்தின் பங்கு பெரிது. இன்றைய மருத்துவம் இதைத் தெளிவாக விளக்குகிறது. வூவின் காலத்தில் பெரும்பாலானோர் இதைச் சோம்பேறியின் கெட்ட பழக்கமாகவே பார்த்தனர்.

வூ அப்படிப் பார்க்கவில்லை. பினாங்கு அபினி எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சங்கம் பேச்சோடு நிற்கவில்லை. அபினியை விட விரும்பி வந்தவர்களுக்கு இலவசச் சிகிச்சையும் அளித்தது.

ஈப்போ மாநாடு

இயக்கம் வேகமாகப் பரவியது. சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங் அபினி எதிர்ப்புக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். அவர் வூவுக்கு உறவினரும் ஆவார். இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். 1906இல் வூவின் முன்முயற்சியில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகள், மலாய் மாநிலங்கள் ஆகியவற்றின் முதல் அபினி எதிர்ப்பு மாநாடு ஈப்போவில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஈயத்தாலும் அபினியாலும் பணம் புரண்ட ஊரிலேயே அது கூடியதுதான் சிறப்பு.

அதே காலத்தில் கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஒரு காட்டுக் கொடியைப் பற்றிய பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. அதன் இலையை வறுத்துக் காய்ச்சிய நீர் அபினிப் பழக்கத்தைப் போக்கும் என்றார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாங்கிச் சென்றனர். இரண்டு போத்தல்கள் தரப்படும். ஒன்றில் கொடி நீரோடு, நோயாளி வழக்கமாகப் பயன்படுத்தும் அபினியும் கரைந்திருக்கும். மற்றதில் கொடி நீர் மட்டும். முதல் போத்தலிலிருந்து ஒரு வேளை குடித்ததும், குறைந்த அளவை இரண்டாம் போத்தலிலிருந்து ஊற்றி நிரப்ப வேண்டும். இப்படியே போனால் நாளுக்கு நாள் அபினியின் அளவு தானாகக் குறையும்.

பின்னர் ஆராய்ந்தபோது அந்த இலையில் தனி மருந்துக் குணம் எதுவும் காணப்படவில்லை. ஆனால் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையில் பொருள் இருந்தது. அதைவிட முக்கியம், வரிசையில் நின்ற கூட்டம். வழி கிடைத்தால் விட்டுவிடத் துடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது எல்லாருக்கும் காட்டியது.

மருத்துவர் குற்றவாளியானார்

வருமானம் பாதிக்கப்படும் என்று அஞ்சியவர்களுக்கு இந்த எழுச்சி பிடிக்கவில்லை. 1907இல் வூவின் சிகிச்சையகம் சோதனையிடப்பட்டது. அங்கே கிடைத்தது ஓர் அவுன்ஸ் அபினிக் கரைசல். மருத்துவர்கள் சிகிச்சைக்காகப் பயன்படுத்தும் மருந்து அது. உரிய அனுமதி இல்லாமல் வைத்திருந்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர், நோயாளிகளுக்காகவே வாங்கி வைத்திருந்தார் என்ற வாதம் எடுபடவில்லை. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடியானது.

பினாங்கு முழுதும் உரிமம் பெற்ற கடைகளில் அபினி வெளிப்படையாக விற்பனையான ஆண்டு அது. அதை ஊர் முழுதும் விற்றவர் மதிப்புக்குரிய குத்தகைதாரர். விட வைக்க முயன்றவர் தண்டனை பெற்றவர்.

அந்த வழக்கு வூவின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது. தியான்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராக வருமாறு சீனத் தலைவர் யுவான் ஷிகாய் அவரை அழைத்திருந்தார். 1908இல் வூ சீனாவுக்குச் சென்றார். பினாங்கு இழந்த மருத்துவரைச் சீனா பெற்றது.

1907இல் அமைக்கப்பட்ட அபினி விசாரணை ஆணையம் மறு ஆண்டு அறிக்கை தந்தது. அபினி முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. குத்தகை முறை மட்டும் ஒழிந்தது. 1910 முதல் அரசாங்கமே சண்டு காய்ச்சி விற்கத் தொடங்கியது. கடை அப்படியே இருந்தது. முதலாளி மட்டும் மாறினார்.

ஹார்பினில் அதே பார்வை

1910 டிசம்பரில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் மர்ம நோய் ஒன்று மக்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. 31 வயதான வூ அனுப்பி வைக்கப்பட்டார். இறந்த பெண் ஒருவரின் உடலை ரகசியமாக அறுத்துப் பார்த்து, அது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்று கண்டுபிடித்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே, மூச்சுக்காற்றின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய் அது என்றார். மெல்லிய துணியும் பஞ்சும் கொண்ட கவசத்தை மருத்துவர்களும் பணியாளர்களும் அணியச் செய்தார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அதே நோயால் இறந்தார்.

நோயுற்றவரோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். பயணங்களைக் கட்டுப்படுத்தினார். உறைபனியில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எரிக்க அரசரின் அனுமதி பெற்றார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த அந்த நோய், 1911 மார்ச் மாதத்தில் ஹார்பினில் அடங்கியது.

அபினியிலும் பிளேக்கிலும் அவர் கையாண்ட பார்வை ஒன்றே. நோயாளியைத் திட்டுவதில்லை. நோய் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் பரவுகிறது என்று தேடுவது, அந்த வழியை அடைப்பது, அகப்பட்டவரைக் கவனிப்பது. பிளேக்கில் அந்த வழி மூச்சுக்காற்று. அபினியில் அந்த வழி வணிகம். மூச்சுக்காற்றுக்கு ஒரு துணி போதுமானதாக இருந்தது. வணிகத்தை அடைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஹேக் முதல் ஈப்போ வரை

பிளேக் அடங்கிய அதே ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அனைத்துலக அபினி மாநாடு கூடியது. சீனாவின் பேராளர்களுள் ஒருவராக வூ அதில் கலந்துகொண்டார். 1912 ஜனவரி 23ஆம் நாள் அங்கே கையெழுத்தான உடன்படிக்கை, போதைப்பொருள் தொடர்பாக உலக நாடுகள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் அவுன்ஸ் அபினிக்காகத் தண்டிக்கப்பட்டவர், உலக நாடுகளோடு ஒரே மேசையில் அமர்ந்து அபினியைக் கட்டுப்படுத்த விதி வகுத்தார்.

அபினியை மட்டும் நிறுத்தினால் போதாது என்பதும் அவருக்கு விரைவில் புரிந்தது. சீனாவில் அபினிப் புகைக்குத் தடை இறுகியபோது, வெளிநாட்டு மார்ஃபினும் ஹெராயினும் அந்த இடத்தைப் பிடித்தன. அபினியைப் போக்கும் மாத்திரை என்ற பெயரில் மார்ஃபின் கலந்த மாத்திரைகளே விற்கப்பட்டன. இந்த ஆபத்தைப் பற்றி வூ தொடர்ந்து எழுதினார்.

1930இல் சீனாவின் தேசியத் தடுப்புக்காப்புச் சேவைக்கு அவர் முதல் இயக்குநரானார். 1935இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மலாயாவில் பிறந்த ஒருவரின் பெயர் அப்பரிசுக்கு முன்மொழியப்பட்டது அதுவே முதல் முறை.

1937இல் ஜப்பானியப் படையெடுப்பு சீனாவைச் சூழ்ந்தபோது வூ தாயகம் திரும்பினார். ஈப்போ புரூஸ்டர் சாலையில், இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், சாதாரணக் குடும்ப மருத்துவராகச் சிகிச்சையகம் திறந்தார். ஏழைகளிடம் கட்டணம் வாங்காத மருத்துவர் என்று பெயர் பெற்றார். ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டினார். அதுவே இன்றைய துன் ரசாக் நூலகம்.

ஜப்பானியர் ஆட்சியிலும் அபினி விற்பனை நின்றுவிடவில்லை. அவர்களுக்கும் அதன் வருமானம் தேவைப்பட்டது. போர் முடிந்து 1946இல்தான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அபினி புகைப்பது சட்டப்படி முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஈப்போ மாநாடு நடந்து அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. வூவுக்கு வயது 67.

தடைக்குப் பிறகு

தடை வந்தது. ஆனால் பல்லாண்டுகள் அரசாங்கம் விற்ற சண்டைப் புகைத்துப் பழகியவர்களின் உடல் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நேற்றுவரை வாடிக்கையாளராக இருந்தவர் மறுநாள் குற்றவாளியானார். சிறைக்குப் போனவர்கள் வெளியே வந்து மீண்டும் புகைத்தார்கள். சிறை மட்டும் போதாது என்பதை உணர்ந்த சிங்கப்பூர், 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபினிச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர் பலர் கரை இறங்குமுன் தடுப்புக்காப்பில் வைக்கப்பட்ட அதே தீவு அது. அங்கே கைதிகளுக்குச் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் தரப்பட்டன. சூலியா வீதியில் ஓர் இளம் மருத்துவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலையை அரசாங்கம் அப்போதுதான் கையில் எடுத்தது.

வூ தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். அந்நூல் 1959இல் வெளிவந்தது. ஓய்வுக்காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க விரும்பி, பினாங்கு ஆயர் ஈத்தாமில் வீடு வாங்கினார். அங்கே நெடுநாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை. 1960 ஜனவரி 21ஆம் நாள், 80ஆம் வயதில், பக்கவாதத்தால் காலமானார்.

அவர் மறைந்த பிறகு மலேசியாவில் ஹெராயின் பரவியது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரியாக அறிவிக்கப்பட்டது. பகிர்ந்துகொண்ட ஊசிகளின் வழி எச்ஐவி கிருமியும் பரவியபோது, தண்டனையால் மட்டும் தீராது என்பது மீண்டும் உணரப்பட்டது. 2005இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. அரசாங்க கிளினிக்குக்கு வருபவர், மருந்தாளர் கண்ணெதிரே அளந்து தரப்படும் திரவ மருந்தைக் குடிக்கிறார். அது அவரை மயக்குவதில்லை; உடல் வேதனையைத் தணித்து வேலைக்குப் போக விடுகிறது. ஹெராயினைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ஊசி மாற்றுத் திட்டமும் வந்தது. ஊசிவழி எச்ஐவி தொற்று அதன் பின்னர் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அந்த கிளினிக் வாசலுக்குப் போகவே பலர் தயங்குகிறார்கள். பிள்ளை போதைக்கு அடிமை என்று தெரிந்தால் அக்கம்பக்கம் என்ன பேசும், மகளுக்கு வரன் வருமா என்ற அச்சத்தில், வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்து நோயை முற்ற விடும் குடும்பங்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்துத் தாமானிலும் உண்டு. நீரிழிவுக்கு மருந்து வாங்க யாரும் வெட்கப்படுவதில்லை. இந்த நோய்க்கும் அதே கிளினிக்கில்தான் மருந்து இருக்கிறது.

சூலியா வீதியில் இன்று பயணிகள் விடுதிகளும் உணவுக்கடைகளும் நிறைந்திருக்கின்றன. 1907இல் அங்கே ஒரு மருத்துவர் ஓர் அவுன்ஸ் அபினிக் கரைசலை வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அளந்து தரும் மருந்தால் போதை நோயாளியை மீட்கும் வேலையை, நூறு ஆண்டுகள் நெருங்கும் வேளையில், அரசாங்க கிளினிக்குகளே செய்யத் தொடங்கின.